கடக்வாஸ்லாவுக்குத் தயாராகும் கிராமத்துப் பிள்ளைகள்

வேலூருக்குத் தெற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில், அரசுப் பள்ளியை ஒட்டிய மைதானம். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டு முழுதாக விலகவில்லை. ஓடுகிற கால்களின் சத்தம்தான் முதலில் கேட்டது. கொஞ்சம் கழித்து ஆட்கள் தெரிந்தார்கள். இரண்டு கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தது. பின்னால் வந்தது நிதானமாக, ஒருவருக்கொருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தது. அதில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"முன்னாடி போறவங்க அக்னிவீர் ரேலிக்குப் போறவங்க. 1600 மீட்டரை நேரத்துக்குள்ள முடிக்கலன்னா அன்னைக்கே வீட்டுக்கு வரவேண்டியதுதான். பின்னாடி வர்றது என்.டி.ஏ. கோஷ்டி" என்றார் சுபேதார் ஐயா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் சுபேதார் ஐயாதான்.

இந்த வட்டாரத்துக்குப் பட்டாளம் புதிதில்லை. பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே இன்னொரு பெயர் உண்டு. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சீருடை போட்ட குடும்பங்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய. சிப்பாய்க்கு ஆள் எடுக்கும் ரேலி எப்போது நடக்கும், எத்தனை புல்-அப்ஸ் எடுக்க வேண்டும் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் பிளஸ் 2 முடித்த கையோடு அதிகாரியாகச் சேர என்.டி.ஏ. என்று ஒரு பரீட்சை இருக்கிறது, அதை நம் ஊர்ப் பையனும் பெண்ணும் எழுதலாம் என்பதைச் சொல்ல அந்த டீக்கடையில் ஆள் கிடையாது. "எங்க தெருவுல சல்யூட் அடிச்சவங்கதான் எல்லாரும். வாங்கினவங்க ஒருத்தரும் இல்ல. என் சர்வீஸ்ல பாதி நாள் இதையே நினைச்சிருக்கேன்" என்றார் சுபேதார் ஐயா. அந்தக் குறைதான் இந்தப் பயிற்சி முகாமைத் தொடங்க வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. சுபேதார் ஐயாவும், அதே ஊர் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவரும், வார இறுதியில் வேலூரிலிருந்து வரும் ஓய்வு பெற்ற லெப்டினென்ட் கர்னல் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

ஓட்டம் முடிந்து தண்டால் தொடங்கியது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு வரும் எஸ்.எஸ்.பி. தேர்வில் ஓட்டப் பந்தயம் எதுவும் கிடையாதே, பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "கிடையாதுதான். ஆனா தேர்வானவங்க எந்த உடம்போட வரணும்னு யு.பி.எஸ்.சி. அறிவிப்புலயே போட்டிருக்காங்க, படிச்சுப் பாருங்க" என்றார். பார்த்தேன். 15 நிமிடத்தில் 2 முதல் 4 கிலோமீட்டர் ஓட்டம், குறைந்தது 20 தண்டால், 20 சிட்-அப்ஸ், 8 சின்-அப்ஸ், 3, 4 மீட்டர் கயிறு ஏறுதல், ஸ்கிப்பிங். இரண்டு மாதம் ஒழுங்காக உழைத்தால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. உண்மையான பாடு மைதானத்துக்கு வெளியே, பள்ளி மாடியில் இருக்கிறது.

மாடி ஏறும்போது ஒரு பையன் கூடவே வந்தான். பிளஸ் 2-வில் வணிகவியல். "நான் காமர்ஸ் சார், எழுதலாமான்னு ரொம்ப நாள் தெரியாமலே இருந்துச்சு. ஆர்மிக்கு எந்த குரூப்பா இருந்தாலும் சரின்னு சார்தான் சொன்னாரு" என்றான். அது சரிதான். என்.டி.ஏ. எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் தரைப்படைப் பிரிவுக்குப் பிளஸ் 2 எந்தப் பாடப் பிரிவில் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பிளஸ் 2 படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். பயிற்சி தொடங்கும் நேரத்தில் வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை. சிப்பாய், ஹவில்தார், சுபேதார் நிலையில் இருப்பவர்களின் பிள்ளைகள் ராணுவப் பள்ளியிலோ சைனிக் பள்ளியிலோ படித்தால் அவர்களுக்கும் இல்லை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊரில் இந்தச் சலுகையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்றார் சுபேதார் ஐயா.

தேர்ச்சி பெற்றால் புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு. 1949-இல் நேரு அடிக்கல் நாட்டிய வளாகம் அது. 1955 ஜனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. முப்படைக்கும் அதிகாரியாகப் போகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் படிக்கிறார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கையில் வருகிறது. பிறகு தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்கு ஏழிமலை, விமானப்படைக்கு துண்டிகல் என்று பிரிந்து போகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, சீருடை எல்லாம் அரசுச் செலவு.

மாடியில் கணித வகுப்பு. எழுத்துத் தேர்வு மொத்தம் 900 மதிப்பெண். கணிதம் 300, இரண்டரை மணி நேரத்தில் 120 கேள்வி. பொதுத் திறன் 600. அதே இரண்டரை மணி நேரத்தில் 150 கேள்வி, அதில் 200 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார், ஒரு நிமிடம் கொடுத்தார். பாதிப் பேர் முடித்தார்கள். "முடிக்காதவங்க என்ன பண்ணணும்?" என்றார். "விட்டுட்டுப் போகணும்!" என்று வகுப்பே சொன்னது. நம் பள்ளிகளில் எந்தக் கேள்வியையும் விடாதே, ஏதாவது எழுதிவை என்று பத்தாண்டாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை உதறவே இவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறதாம்.

இன்னொரு சுமை மொழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. அணிக்கோவை, வகையீடு, நிகழ்தகவு எல்லாம் தமிழ் வழியில் நன்றாகப் படித்த பெண் ஒருத்தி, ஆங்கிலக் கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதிலேயே நேரம் போய்விடுகிறது. அவளோடு போட்டியிடுகிற இந்தி மாநிலத்துப் பிள்ளைக்கு இந்தக் கால் நிமிடத் தாமதம் இல்லை. 120 கேள்விக்கும் சேர்த்துப் பார்த்தால் அது எத்தனை மதிப்பெண் ஆகும்! சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றால், இதையும் தமிழில் எழுத வழி செய்வதில் என்ன தடை? அதிகாரிக்கு ஆங்கிலமும் இந்தியும் வேண்டும் என்பது நியாயம்தான். ஆங்கிலத்தைச் சோதிக்க 200 மதிப்பெண் தனியாக இருக்கிறதே. கணிதத் தாள் கணிதத்தை மட்டும் சோதித்தால் போதும்.

அதுவரை ஆசிரியர் தன் வழியில் ஈடுகட்டுகிறார். பிளஸ் 1, பிளஸ் 2 கணிதப் புத்தகங்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்து, ஒரே கணக்கை இரண்டிலும் படிக்கச் சொல்கிறார். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பதினொரு மணிக்கு கர்னல் வந்தார். வகுப்பின் முகமே மாறியது. முதுகுகள் நிமிர்ந்தன. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் தேர்வு இருக்கிறது. அதற்கும் 900 மதிப்பெண். அதன் முதல் நாள் சோதனையை அப்படியே நடத்திக் காட்டப் போகிறார். சட்டையின்மேல் எண் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டார்கள். எஸ்.எஸ்.பி.யில் அந்த ஐந்து நாளும் பெயர் கிடையாது, செஸ்ட் நம்பர்தான்.

திரையில் மங்கலான ஒரு படம். முப்பது விநாடி. யாரோ கீழே கிடக்கிற மாதிரி, இரண்டு பேர் நிற்கிற மாதிரி. அணைந்தது. நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதல் ஆள் விபத்து என்றான், கதாநாயகன் ஆம்புலன்ஸை அழைத்தான், காப்பாற்றினான். இரண்டாவது ஆளும் விபத்து, ஆம்புலன்ஸ். மூன்றாவதும் அதுவே. ஐந்தாவது ஆள் வரும்போது கர்னல் கையை உயர்த்தினார். "இந்தக் கதை எல்லாம் யூடியூபுல பார்த்ததா?" மெல்லத் தலைகள் ஆடின. "அங்க உட்கார்ந்திருக்கிறவர் பல வருஷமா இந்தக் கதையத்தான் கேட்டுட்டு இருக்கார். அவருக்கு உங்களைத் தெரியணும். உங்க கதை எங்க?"

அடுத்து எழுந்த பெண் கொஞ்சம் தயங்கினாள். தடுமாறுகிற ஆங்கிலம். படத்தில் கிடப்பது மணல் மூட்டை என்றாள். ஏரிக்கரையில் கசிவு, இரவு நேரம், ஊர்த் தலைவர் வெளியூரில் இருக்கிறார், கல்லூரி மாணவி ஒருத்தி தெருத்தெருவாகப் போய் ஆள் திரட்டுகிறாள், யார் மூட்டை பிடிப்பது, யார் மண் வெட்டுவது என்று பிரித்துக் கொடுக்கிறாள், விடிவதற்குள் கசிவு அடைபடுகிறது. சொல்லி முடித்ததும் கர்னல், "இது எங்க நடந்துச்சு?" என்றார். 2021 நவம்பர் வெள்ளத்தில் இவள் ஊரிலேயே நடந்திருக்கிறது. மூட்டை தைத்துக் கொடுத்தவர்களில் அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த இவளும் உண்டு. வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு கதையை எந்தப் பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்க முடியும்?

அடுத்து குழுவாகக் கூடி ஒரே கதையை முடிவு செய்ய வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எஸ்.எஸ்.பி. போய் வந்தவர்கள் இதற்கு 'மீன் மார்க்கெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வணிகவியல் பையன் மட்டும் கையை நீட்டி, இன்னும் பேசாத நான்காம் எண்ணைப் பேசச் சொன்னான். கர்னல் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். முதல் நாளிலேயே பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது இந்தச் சோதனைதான். 'ஸ்கிரீன் அவுட்' என்பார்கள்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. அதை எண்ணிக்கையில் சொன்னாலே தலை சுற்றும். பன்னிரண்டு கதைகள், அதில் கடைசிக்கு வெறும் வெள்ளைத் திரைதான் படம். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம். அரை மணி நேரத்தில் 60 நெருக்கடிச் சூழல்கள். கடைசியாகப் பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீ உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுத 15 நிமிடம். அந்த வேகத்தில் பொய் சொல்ல நேரம் கிடையாது. மனப்பாடம் செய்த வாக்கியங்களை விற்கும் புத்தகங்கள் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கர்னலும் அதையேதான் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி மைதானம், எஸ்.எஸ்.பி.யின் குழுச் சோதனைக்கு ஒத்திகை. காலி டிரம்கள், சவுக்குக் கட்டைகள், இரண்டு பலகை, ஒரு கயிறு, சுமையாக ஒரு மூட்டை. சிவப்புச் சாயம் அடித்த இடத்தை யாரும் தொடக் கூடாது, எந்தப் பொருளும் தொடக் கூடாது. எட்டுப் பேர் சுமையோடு ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குப் போக வேண்டும். தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை.

கணிதத்தில் முதலாவதாக நிற்கிற பையன் நல்ல யோசனை சொன்னான், ஆனால் தரையில் நின்றபடியே சொன்னான். பலகை எட்டவில்லை. ஒரு சாண் குறைவு. அப்போது ஒரு பையன், கொத்தனார் மகன், எதுவும் பேசாமல் பலகையையும் கட்டையையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினான். சாரம் கட்டுகிற முடிச்சு. லீவு நாளில் அப்பாவோடு வேலைக்குப் போனவன் கை அது. இரண்டு உதை உதைத்துப் பார்த்தான், அசையவில்லை. பிறகு தானே முதலில் ஏறி, மறுபக்கம் போய் அடுத்தவனுக்குக் கை கொடுத்தான். "ஏன் தம்பி, இப்படிக் கட்டலாம்னு முதல்லயே சொல்லலாம்ல?" என்று கர்னல் கேட்டார். "இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார்" என்றான். "டை திஸ், கம் ஹியர், போதும். அவ்வளவுதான் வேணும். பேசு. உன் தலையில இருக்கிறது அடுத்தவனுக்குக் கேட்கணும்" என்றார்.

எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் முழுக்கப் புரிந்தது. முன்வருவது, பொறுப்பெடுப்பது, இருக்கிற பொருளை வைத்துச் சமாளிப்பது, கூட நிற்பவனைக் கைதூக்கி விடுவது என்று எஸ்.எஸ்.பி. தேடும் குணங்கள் பதினைந்து. வயலிலும் வேலைத்தளத்திலும் குடும்பப் பாரம் சுமந்து வளர்ந்த பிள்ளைகளிடம் இவை ஏற்கெனவே இருக்கின்றன. வாயைத் திறந்து சபையில் சொல்லும் பழக்கத்தைத்தான் நாம் தரவில்லை. வகுப்பில் பேசாதே என்று சொல்லியே பன்னிரண்டு ஆண்டு உட்கார வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் மாதிரி நேர்காணல். கர்னல் ஒரே மூச்சில் பத்துக் கேள்வி கேட்கிறார்: பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண், பிடித்த ஆசிரியர் யார், ஏன், பிடிக்காதவர் யார், நண்பர்கள், காலை முதல் இரவு வரை என்ன செய்கிறாய், இப்படி. வரிசை மாறாமல் பதில் வர வேண்டும். கொத்தனார் மகன் உள்ளே போனான். திணறினான். பிறகு கர்னல், உங்கள் ஊரில் ஒரு வீடு கட்ட இப்போது என்ன செலவாகும் என்றார். சிமென்ட் மூட்டை, எம்-சாண்ட் லோடு, சித்தாள் கூலி, பெரியாள் கூலி என்று கடகடவென்று வந்தது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். வெளியே வந்தவன் முகத்தில் வேர்வையும் சிரிப்பும்.

பயிற்சிக்கு உதவியாக நின்ற ஒரு பெண்ணிடம் பேசினேன். பெங்களூரு எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாளும் இருந்து, கடைசி நாள் கான்ஃபரன்ஸ் வரை போய், பெயர் வராமல் திரும்பியவள். "அஞ்சாவது நாள் நம்பர் வாசிப்பாங்க அண்ணா. என் நம்பர் வரல. ரயில்ல அழுதுட்டே வந்தேன். வந்த மறுவாரமே அடுத்த அப்ளிகேஷன் போட்டுட்டேன்" என்றாள். பெண்களுக்கு இந்தக் கதவு திறந்ததே அண்மையில்தான். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்த நவம்பரில் பெண்கள் முதன்முறையாகத் தேர்வு எழுதினார்கள். 2022-இல் கடக்வாஸ்லாவுக்குள் காலடி வைத்த முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அந்த அணிவகுப்புக் காணொளியை இவள் செல்போனில் வைத்திருக்கிறாள். காட்டினாள்.

எஸ்.எஸ்.பி. தேறினாலும் மருத்துவப் பரிசோதனை பாக்கி. நிறக்குருடு, தட்டைப் பாதம், முழங்கால் முட்டுதல், காது, பல் என்று ஒவ்வொன்றும் பார்ப்பார்கள். பச்சை குத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆசைக்குக் கையில் பெயர் எழுதிக்கொள்ளும் வயதில் இதைச் சொல்லிவைப்பது அவசியம். சுபேதார் ஐயா பிள்ளைகளை முகாமில் சேரும்போதே அரசு மருத்துவமனையில் கண்ணும் காலும் காட்டிவரச் சொல்கிறார். சரி செய்யக் கூடியதை முன்கூட்டியே சரி செய்துகொள்ளலாமே.

கிளம்பும் நேரத்தில் ஓர் அம்மா, ஐந்தாம் வகுப்புப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, இவனை இப்பவே சேர்த்துக்குவீங்களா?" சுபேதார் ஐயா சிரித்தபடி அவரை உட்கார வைத்துச் சொன்னார்: உடுமலைப்பேட்டை பக்கத்தில் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது, ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்கிறார்கள், இப்போது பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். டேராடூனில் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி இருக்கிறது, எட்டாம் வகுப்புக்கு. அதன் தேர்வை நம் மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி.யே நடத்துகிறது. அந்த அம்மா முந்தானையில் முடிந்திருந்த துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்து எழுதித் தரச் சொன்னார்.

பத்தொன்பதரை வயது தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு அந்த வழியாகவும் போகலாம். மேஜர் முகுந்த் வரதராஜன் பயிற்சி பெற்ற இடம் அதுதான். அவர் கதையைச் சொன்ன 'அமரன்' படம் வந்த பிறகு அவரைத் தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அவர் போன பாதையில் எப்படிப் போவது என்று தெரிந்த பிள்ளைகள் மிகக் குறைவு.

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்.டி.ஏ. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. பிளஸ் 1 சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு நாள் காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வயது வரம்பையும் கட்டண விலக்கையும் பெண்களும் எழுதலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளை எழுந்து நின்று பேச விடுங்கள். அறிவிப்பு யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் வரும், அதை அச்செடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.